ஞாபக சக்தி மருந்து விளம்பரங்களை வெளியிடும் முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் உங்கள் நாளிதழில் வரும் தேர்வு வழிகாட்டிப் பக்கத்தை எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் வெட்டி எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில், சில நாள் எதிர்ப்பக்கம் முழுக்க, ஞாபக சக்தி மாத்திரை விளம்பரம் வருகிறது. மேலே கணக்கில் எந்தப் பாடத்தை விடக்கூடாது என்று ஒரு வாத்தியார் சொல்லிக்கொண்டிருப்பார், கீழே கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன் சிரித்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். படிக்கிற அம்மா அப்பாவுக்கு இரண்டுமே பத்திரிகை சொன்னதுதான். இதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, இடமில்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் சட்டம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஜனவரி பிறந்துவிட்டால் போதும், “அண்ணே, பிள்ளைக்கு ஞாபக சக்திக்கு பேப்பர்ல ஒரு மருந்து போட்டிருந்தாங்களே, அது இருக்கா” என்று கேட்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் நூற்பாலைக்குப் போகிறவர்கள், பூ மார்க்கெட்டில் கூலிக்கு நிற்பவர்கள். ஒரு மாதத்துக்கான புட்டி 500 ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. வாங்காமல் விட்டால் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லையோ என்ற பயம் அவர்கள் முகத்தில் தெரிகிறது. விளம்பரம் விற்பது அந்தப் பயத்தை வைத்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘ஜே’ என்று ஓர் அட்டவணை உண்டு. இவற்றையெல்லாம் தடுக்கும், தீர்க்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற நீண்ட பட்டியல் அது. புற்றுநோய், வழுக்கை, சர்க்கரை நோய், பிள்ளைகளை உயரமாக்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. அதே பட்டியலில் மூளைத்திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை மேம்படுத்துவதும் இருக்கின்றன. அப்படியானால் கடையில் இவ்வளவு புட்டிகள் எப்படி வந்தன? மருந்து என்று உரிமம் வாங்காமல் ஊட்டச்சத்து உணவு என்று உரிமம் வாங்கி வருகின்றன. புட்டியைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கம் மூளைப் படம், பின்பக்கம் இந்த வரி.

உணவு என்றாலும் இஷ்டத்துக்குப் பேச அனுமதி கிடையாது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு நெறிகளில் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு பொருளைச் சாப்பிட்டால் அறிவு கூடும், உடல் திறன் கூடும் என்று போதுமான அறிவியல் ஆதாரம் இல்லாமல் சொல்லக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 2024 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே அதில் பொய் இல்லை என்று விளம்பரதாரர் சுயசான்று கொடுக்க வேண்டும் என்றது, நடித்துக் கொடுக்கும் பிரபலங்களுக்கும் சமமான பொறுப்பு உண்டு என்றது. உங்கள் விளம்பரப் பிரிவில் யாராவது இந்தக் கம்பெனிகளிடம் ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்கிறார்களா என்பதே என் முதல் கேள்வி.

லேபிளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) என்று 14 இலக்க எண் இருக்கிறதே, அரசாங்கம் சோதித்துத்தானே கொடுத்திருக்கும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த எண் அதைத் தயாரித்தவருக்கு உணவுத் தொழில் நடத்த உரிமம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். முறுக்கு பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் இருக்கும். அந்த மாத்திரையைச் சாப்பிட்ட யாருக்காவது ஞாபகம் கூடியதா என்று யாரும் பார்த்துவிட்டு அந்த எண்ணைக் கொடுப்பதில்லை.

சரி, ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்பதற்கு வருகிறேன். இந்த வரியை எப்படி எடைபோடுவது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த பிரிவாஜென் வழக்கைவிட நல்ல பாடம் வேறு இல்லை என்பேன். விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரத்தில் இருக்கும் குவின்சி பயோசயின்ஸ் என்ற கம்பெனியின் மாத்திரை அது. ஒளிரும் ஜெல்லிமீனில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புரதம்தான் உள்ளே இருப்பது. வயதானவர்கள் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஓயாமல் விளம்பரம், ஞாபக மறதி குறைவது மருத்துவ ஆய்வில் நிரூபணம் என்று. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள்.

கம்பெனி ஆய்வே நடத்தவில்லை என்று நினைத்துவிட வேண்டாம், நடத்தினார்கள், முறையாகவும் நடத்தினார்கள். 218 பேரைச் சேர்த்து, சிலருக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை, 90 நாள், கணினியில் ஒன்பது விதமான நினைவு, சிந்தனைத் தேர்வுகள். முடிவில் மொத்தப் பேரையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்பதில் ஒன்றில்கூட மாத்திரை சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கணக்கில் எடுக்கத்தக்க அளவு முன்னேறவில்லை. அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஆய்வில் கலந்துகொண்டவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து 30க்கும் மேற்பட்ட தடவை திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆய்வுகளில் 20க்கு ஒரு தடவை தற்செயலாகவே ‘வித்தியாசம் இருக்கிறது’ என்று வந்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் கோடு போடுகிறார்கள், அப்படியானால் 30 தடவை சோழி உருட்டினால் ஒன்றிரண்டு தடவை தாயம் விழத்தானே செய்யும்? அப்படி விழுந்ததை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போட்டார்கள். இன்னொன்று, அந்தப் புரதம் வாய் வழியாகப் போனால் மற்றப் புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்துவிடும் என்பதும் வழக்கில் எழுந்தது. மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அது வெறும் சாப்பாடாகிவிடுகிறது.

வழக்கு கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு என்று இழுத்தது. 2024 டிசம்பரில்தான் நினைவாற்றலைக் கூட்டும் என்று இனிச் சொல்லக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. வழக்குப் போட்டதிலிருந்து கிட்டத்தட்ட எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் மாத்திரை கடையில் இருந்தது, ஜனங்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு வலுவான ஆணையம் இருக்கும் நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நம் ஊரில் வாங்குகிறவர் தானே கேள்வி கேட்டுப் பழக வேண்டியிருக்கிறது.

என்ன கேள்வி? எதோடு ஒப்பிட்டார்கள் என்பது முதலில். ‘மூன்று மாதத்தில் ஞாபக சக்தி இத்தனை சதவீதம் கூடியது’ என்று போட்டிருந்தால், முதல் நாள் இருந்ததோடு ஒப்பிட்டதா, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டதா என்று பாருங்கள். ஒரே தேர்வை இரண்டாம் தடவை எழுதினால் யாருக்கும் கொஞ்சம் மதிப்பெண் கூடும், மாத்திரை எதுவும் வேண்டாம். அப்புறம் யாரிடம் சோதித்தார்கள்? அறுபது வயதுக்காரர்களிடம் சோதித்ததைப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு விற்கிறார்களா? எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை வாரம் கொடுத்தார்கள், புட்டியில் அதே அளவு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே கிடைக்காது, ஏனென்றால் பத்து மூலிகையின் பெயரை வரிசையாகப் போட்டுவிட்டு எல்லாம் சேர்த்து இத்தனை மில்லிகிராம் என்று ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். எது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லாத புட்டியை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

நம் ஊர்ச் சரக்கையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். நீர்ப்பிரமியை எடுத்துக்கொள்ளுங்கள். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இந்தச் செடியைப் பல வருஷம் ஆராய்ந்தது, அதிலிருந்து வந்த மெமரி பிளஸ் என்ற கேப்சூலுக்கு 1990களில் விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத்தில் வந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜெல்லிமீன் மாத்திரையைவிட நீர்ப்பிரமிக்கு ஆதாரம் மேல் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரை உள்ள 76 பேரிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. புதிதாகக் கற்றது மறந்துபோகும் வேகம் குறைந்தது என்று கண்டார்கள், ஆனால் கற்றுக்கொள்ளும் வேகம் கூடவில்லை. வேறு சில ஆய்வுகளிலும் 300 மில்லிகிராம் சாறு தினமும் 12 வாரம் என்ற அளவில்தான் ஏதாவது பலன் தெரிந்தது. ஒரு வேளை மட்டும் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்த ஆய்வில் ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், வயிறு இளகும்.

இப்போது கடைக்கு வருகிற ஆட்களை நினைத்துப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில், மருந்து கேட்டு வருவது பிப்ரவரியில். 12 வாரம் எங்கே இருக்கிறது? சிரப்பாக வருவதில் பத்து மில்லிக்கு நீர்ப்பிரமி சில பத்து மில்லிகிராம்தான் இருக்கிறது, கூடவே வல்லாரை, சங்குபுஷ்பம், அமுக்கரா என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், மிச்சம் சர்க்கரைப் பாகு. ஆய்வில் பார்த்தது ஒன்று, புட்டியில் விற்பது வேறு. தேர்வுக்கு முந்தின வாரம் வயிறு இளகினால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

வல்லாரையைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும், எங்கள் அம்மா வல்லாரைத் துவையல் அரைத்துத்தான் எங்களை வளர்த்தார். நானும் சாப்பிடுகிறேன். கீரை நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் நினைவாற்றலில் தெளிவான பலன் எதையும் காணவில்லை. ஒரு கட்டு பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் கீரையைக் கேப்சூலுக்குள் அடைத்து மாதம் 600 ரூபாய்க்கு விற்பதற்கு அது போதாது.

பாலில் கலக்கும் பவுடர்களும் இதில் சேர்ந்தவைதான். ‘உயரமாக, வலிமையாக, கூர்மையாக’ என்று ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று வந்ததே, அது 2008இல் பிரிட்டனில் ஒரு நேபாளிச் சேனலில் ஓடியபோது அந்த நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஆதாரம் போதாது என்று நிறுத்தச் சொன்னது. இங்கே அதே வாசகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வயதானவர்கள் விஷயம் இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அவர்களுக்கு மறதி நிஜமாகவே இருக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றில் செய்த மாத்திரை டப்பாவை அனுப்பிவைப்பார், அப்பா அதைப் பத்திரமாக வைத்துச் சாப்பிடுவார். ஜின்கோவை அமெரிக்காவில் 3069 முதியவர்களிடம் சோதித்தார்கள், ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் இரண்டு வேளை, சராசரியாக ஆறு வருஷம். 2008இல் முடிவு வந்தது: மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. இதைவிடப் பெரிய, நீண்ட சோதனை இந்த மாதிரிப் பொருள்களுக்கு அபூர்வம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜின்கோவையும் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்ற எச்சரிக்கை வேறு இருக்கிறது. இதய மாத்திரை வாங்க வரும் பெரியவர்களிடம் வேறு ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், “அது மருந்தில்லைப்பா, சத்துதானே” என்பார்கள், டாக்டரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எல்லாமே வீண் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மாட்டேன். தினமும் ஒரு சாதாரண மல்டிவைட்டமின் சாப்பிட்ட முதியவர்களின் நினைவுத் தேர்வு முடிவுகள் கொஞ்சம் மேலாக இருந்தன என்று காஸ்மோஸ் என்ற பெரிய அமெரிக்க ஆய்வு 2023இல் சொன்னது, 3500க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டது. பலன் சிறியதுதான், ஆனால் அது முறையாக வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு வந்த பலன், அந்த மாத்திரையும் மூளைப் படம் போட்ட ஆயிரம் ரூபாய்ப் புட்டி கிடையாது. ஆதாரம் வந்தால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நான் கேட்பது அந்த ஆதாரத்தைத்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஞாபகம் நிற்கவில்லை, படித்தது மண்டையில் ஏறவில்லை, சோர்வாக இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்குப் புட்டி வாங்கும் பணத்தில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசுகூட வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் நினைவும் மந்தமாகும் என்பது ஊகம் இல்லை. பால்டிமோர் நகர உயர்நிலைப் பள்ளிகளில் ரத்தசோகை வரும் அளவுக்குப் போகாமல், உடலில் இரும்பு இருப்பு மட்டும் குறைந்திருந்த மாணவிகளை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 8 வாரம் கொடுத்தார்கள். 1996இல் வந்த முடிவு: வார்த்தைகளைக் கற்று நினைவில் வைக்கும் தேர்வில் இரும்பு சாப்பிட்டவர்கள் மேல், கவனத்தை அளக்கும் தேர்வுகளில் வித்தியாசம் இல்லை. பலன் கிடைத்ததையும் கிடைக்காததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள், நம்பத் தகுந்த ஆய்வு இப்படித்தான் இருக்கும்.

அந்த இரும்பு மாத்திரை நம் அரசுப் பள்ளிகளில் இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒன்று, நீல நிறம், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரையும் உண்டு. நிறையப் பிள்ளைகள் அதை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறார்கள், வயிறு வலிக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். கறுப்பாகப் போவது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிற்று வலி குறையும். டீ, காபியோடு போடாதீர்கள், இரும்பு உடலில் சேராது, ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நன்றாகச் சேரும். இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை எறிந்துவிட்டு, அதே வீட்டில் 700 ரூபாய்க்கு மூளை டானிக் வாங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. ஆனால் சோதிக்காமல் கடையில் நீங்களாகவே தினசரி இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ரத்தசோகைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு மாதிரி வேறு காரணங்களும் இருக்கலாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

பெரியவர்களுக்கு நான் சொல்லும் பெயர் வைட்டமின் பி12. அசைவம், பால், முட்டை இவற்றில்தான் இருக்கிறது, எனவே சைவக்காரர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும், அசிடிட்டி மாத்திரையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கும் குறையும். கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, நடையில் தடுமாற்றம், மறதி என்று வரும். ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம், ஆனால் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புக்கு ஏற்பட்ட சேதம் முழுவதும் திரும்பாமல் போகலாம். மூளை டானிக்கைக் குடித்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதம் போனது போனதுதான். தைராய்டு குறைவும் இப்படித்தான், சோர்வும் மறதியுமாகத் தெரியும், ஒரு பரிசோதனையில் பிடிபட்டுவிடும். சத்து மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவே தப்பாகக் காட்டலாம், ரத்தம் கொடுக்கும்போது என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று லேபில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றை மருந்தாளுநராக அழுத்திச் சொல்ல வேண்டும். மறதிக்குக் காரணம் சில நேரம் அவர்கள் கையிலிருக்கும் மருந்துப் பையிலேயே இருக்கும். தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மாத்திரைகள், சிறுநீர் கட்டுப்படாததற்குத் தரும் சில மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் சில மாத்திரைகள், இவை முதியவர்களின் நினைவைக் குழப்பும். பையை அப்படியே டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தீங்கு ஒன்றுமில்லை, சாப்பிட்டுத்தான் பார்ப்போமே என்பார்கள் சிலர். அமெரிக்காவில் மூளைத்திறன் என்று விற்கப்படும் 10 பொருள்களைச் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, அந்த நாட்டில் அனுமதியே இல்லாத ஐந்து மருந்துகள் உள்ளே இருந்தன என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. சிலவற்றில் லேபிளில் எழுதிய அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் தொடர்ந்து வருகிறது. நரம்பு மாத்திரை என்று கேட்டு வாங்கிப் போடும் வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கை கால் மரத்துப்போக வைக்கும். இணையத்தில் ஊர் பேர் தெரியாத கம்பெனியிடம் வாங்கும்போது இந்த அபாயம் இன்னும் அதிகம்.

கடைக்காரர்கள் ஏன் இதை எடுத்து நீட்டுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசு விலை நிர்ணயம் செய்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு என்று கணக்கிடப்படும் லாபம் 16 சதவீதம். இந்தச் சத்துப் புட்டிகளுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது, லாபம் அதைவிடப் பல மடங்கு, கூடவே இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்று ஸ்கீம் வேறு. எனவே கண்ணுக்கு நேரே இருக்கும் அலமாரியில் எது நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடையில் ‘நல்லாப் போகுது’ என்று சொன்னால் அது விற்பனையைப் பற்றிய பேச்சு என்று வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

படிப்புக்கு உதவும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை காசில்லாமலே இருக்கின்றன. 2006இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டுப் பிறகு பார்க்காமல் மூன்று தடவை எழுதிப் பார்த்தவர்களுக்கு அது 61 சதவீதம். நம் வீடுகளில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒப்பிக்கச் சொல்வார்களே, அதேதான். எந்த மூளை மாத்திரை ஆய்வும் இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம் தேவை, அதைக் குறைத்துவிட்டு மாத்திரை கொடுப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஞாபக சக்தி, மூளை வளர்ச்சி என்று வரும் எந்த விளம்பரத்தையும் ஏற்பதற்கு முன் விளம்பரதாரரிடம் ஆய்வறிக்கையின் பிரதியையும் சுயசான்றையும் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் வெளியிடாதீர்கள். தேர்வு வழிகாட்டிப் பக்கத்திலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் இந்த விளம்பரங்கள் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு நாளாவது, பள்ளியில் தரும் நீல மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று ஓர் அரசு மருத்துவரை எழுதச் சொல்லிப் போடுங்கள். தவறான விளம்பரம் என்று சந்தேகப்படும் வாசகர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், உங்கள் நாளிதழில் வந்த விளம்பரமாக இருந்தாலும் செய்யலாம், அந்த எண்ணையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு வகை விளம்பரத்தை நம்பி ஏமாறுவது உங்கள் பத்திரிகையை நம்புகிறவர்கள்தான், அதனால்தான் இதைப் புகாராக வேறெங்கும் அனுப்பாமல் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். தேர்வுப் பக்கம் இந்த முறை தொடங்குவதற்கு முன்பே இதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று இதே கடிதப் பகுதியில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல் மாவட்டம்